கோவா எடுக்கப் போன கதை

அக்கா கோவா எடுக்க வரச்சொன்னபோது நான் கையோடு கொண்டுபோனது ஓர் உரப்பை. இப்போதும் அந்தப் பையை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான். "தம்பி, வாற புதன்கிழமை இஞ்ச பொது மண்டபத்தில கோவா குடுக்கினமாம். ஜி.எஸ். வந்து சொல்லிப்போட்டுப் போறார். நீயும் ஒருக்கா வாவன்."

ஜி.எஸ். என்றால் எங்கள் பக்கத்தில் கிராம அலுவலர். அவர் வீடு தேடி வந்து சொன்னால் எதையோ கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். வன்னியில் எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு வருடம் தென்னங்கன்று வந்தது, ஒரு வருடம் மிளகாய் நாற்று, பிறகு ஒரு தடவை கோழிக்குஞ்சு. குஞ்சுகளில் பாதி கீரிக்குப் போனது. ஆகவே இந்தமுறை கோவா, அதாவது முட்டைக்கோஸ் நாற்று என்று எடுத்துக்கொண்டேன். ஸ்கந்தபுரத்து வெயிலுக்குக் கோவா எங்கே தலைகட்டும், எவரோ குளிர் அறைக்குள் இருந்து போட்ட திட்டம் என்று உடனே எரிச்சலும் வந்தது. "வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன கோவா, எதற்குக் கோவா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேட்கிற பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை. மல்லாவியில் ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பில் கதிரையில் இருந்து பாடம் நடத்தியதாக எனக்கு ஞாபகமே இல்லை. கரும்பலகைக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டம் 'நடமாடும் சேவை'. வீட்டில் மனைவி, "இந்த மனிசனுக்குக் காலில சில்லுப் பூட்டிக் கிடக்கு" என்பாள். ஒரு வரிசையில் ஐந்து நிமிடம் நின்றால் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், வரிசை என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர் எல்லோர் மீதும் கோபம் வரும். அதைவிட மோசமான குணம் ஒன்றும் உண்டு. யாராவது ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் என்னால் திருத்தாமல் இருக்க முடியாது.

அந்த வாரம் பத்தாம் வகுப்புக்கு நான் எடுத்த பாடம் எழுத்துச் சுருக்கங்கள் பற்றியது. பல சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் பொறுக்கிச் செய்யும் சுருக்கம் ஆங்கிலத்தில் இரண்டு வகை. எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக வாசித்தால் அது அக்ரோனிம். ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்தால் இனிஷியலிசம். தொலைபேசிக்குள் போடுகிற சிம் முதல் வகை. கடைக்குப் போய் யாரும் எஸ்.ஐ.எம். தாருங்கள் என்று கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் வெளிநோயாளரைப் பார்க்கும் ஓ.பி.டி. இரண்டாவது வகை. அதைச் சேர்த்து வாசித்தால் விக்கல் எடுத்த மாதிரி இருக்கும். "சிம்முக்குள்ள எத்தினை சொல் ஒளிச்சிருக்கெண்டு ஆருக்காவது தெரியுமோ?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் வித்தியாசம் என்றேன். சொல்லாகிவிட்டால் அது ஒரு சாமானாகிவிடும், உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் கேட்கமாட்டார்கள். எழுத்தெழுத்தாகச் சொல்லும்போதுதான் பின்னால் ஏதோ மறைந்திருக்கிறது என்ற நினைப்பு கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

பாடம் நன்றாகத்தான் போனது. பிறகு நான்தான் கெடுத்தேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பாடசாலைப் பலகை ஒன்றில் 'அ.த.க. பாடசாலை' என்று இருக்கும். அதில் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டு வந்த பிள்ளைகள் வகுப்பில் ஏழெட்டுப் பேர். அது என்ன என்று கேட்டேன். ஒரு பெண்பிள்ளை எழுந்து, "அதக, சேர்" என்றாள். அதக என்றால் என்ன என்றேன். "அது பள்ளிக்கூடத்தின்ர பேர், சேர்" என்றாள். அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை என்பது ஐந்து வருடம் அங்கே இருந்து எழும்பிய ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாடவேளை முடியும்வரை எல்லோரையும் அவர்கள் எழுதப்போகும் பரீட்சையான க.பொ.த. என்பதை விரித்து எழுதவைத்தேன். வாயில் வருவதை விளங்காமல் சொல்லக்கூடாது என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். இரண்டு நாள் கழித்து உரப்பையோடு போய் நின்றவனும் நான்தான்.

புதன்கிழமை லீவு போட்டேன். மல்லாவியிலிருந்து ஸ்கந்தபுரம் மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். அக்கா சேலை உடுத்து, ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படலையில் நின்றார். பின் இருக்கையில் கட்டியிருந்த பையைப் பார்த்து, "உதென்னத்துக்கு?" என்றார்.

"உதவும். ஏறுங்கோ, நேரம் போகுது."

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்டுப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏறிக்கொண்டார்.

பொது மண்டபத்து வாசலில் நாற்றுத் தட்டும் இல்லை, லொறியும் இல்லை. உள்ளே வரிசை வரிசையாகக் கதிரைகள். கதிரைகளில் பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் அக்காவிடம் இருந்ததைப் போல ஒரு ஃபைல். சில ஃபைல்களின் மேல்தாள் வழியாக ஒரு புகைப்படம் தெரிந்தது. மீசையோடு ஓர் ஆண், சீருடையோடு ஒரு மாணவன், கலியாணக் கோலத்திலிருந்து தனியே வெட்டியெடுத்த ஒரு முகம். சுவரில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். ஆங்கில வாத்தியார் அல்லவா, என் கண் ஆங்கிலத்துக்குத்தான் முதலில் போனது. மூன்று சொல். சேர்டிபிக்கேற் ஒஃப் அப்சென்ஸ். அடைப்புக்குள் மூன்று எழுத்து: சீ, ஓ, ஏ. கீழே தமிழில் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று இருந்தது.

மூன்று எழுத்தையும் சேர்த்து வாசித்துப் பார்த்தேன். கோவா.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், சண்டை முடிந்த அந்தக் கடைசி மாதங்களில் தண்ணீர் எடுக்கப் பிளாஸ்டிக் கானோடு போனவர். திரும்பி வரவில்லை. கண்டவர் இல்லை, உடலும் இல்லை. பிள்ளையும் இல்லை அவர்களுக்கு. முகாமிலிருந்து திரும்பி வந்த அக்கா, பற்றை மூடிக் கிடந்த இரண்டரை ஏக்கர் வயலைத் தனி ஆளாக வெட்டித் துப்புரவாக்கி அன்றுதொட்டு விதைத்து வருகிறார். வயல் அத்தான் பெயரில். இறந்தவர் என்று பதிந்தால் அக்கா பெயருக்கு மாற்றலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் அக்கா மாட்டேன் என்றார். அடுத்த மாதம் காணிக் கச்சேரி வைக்கப்போகிறார்கள், அதாவது ஊர்க் காணிகளுக்கெல்லாம் விசாரணை. உரிமையாளரும் இல்லாமல், அவருக்காகப் பேசத் தாளும் இல்லாமல் கிடக்கும் துண்டுகளை வேறு ஆட்களுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. இந்தச் சான்றிதழ் ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாது. ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும். அதை வைத்து அக்கா வயலுக்காகப் பேசலாம். அக்கா இறங்கிவந்த ஒரே தாள் அது. அதை எடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நானோ மூட்டை கட்டப் பையோடு வந்திருக்கிறேன்.

பையை மடித்து மடித்துக் கைக்குள் ஒளிக்கப் பார்த்தேன். ஐம்பது கிலோ உரம் பிடிக்கிற பை எவ்வளவு மடித்தாலும் ஒளியாது. பக்கத்துக் கதிரையில் ஓர் அம்மா இருந்தார். மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியேறிய குடும்பம். மகனின் படம் மடியில். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னங்க மாஸ்டர், மூட்டையாக் கட்டிக் கொண்டுபோகவா வந்தீங்க?"

என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, நெசமாவே கோவான்னு நெனச்சிட்டாரு!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உண்மையோடா?" என்றார். நான் தலையாட்டினேன். அக்கா சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல வருடமாகக் கேட்டதில்லை.

"எங்க அப்பா அம்மா மலையில வெட்டாத கோவாவா?" என்றார் அந்த அம்மா. "மூட்டை மூட்டையா வெட்டுனாங்க. அதுக்கு ஒரு நாளும் வரிசையில நின்னதில்ல. இந்தக் கோவாவுக்குத்தான் பாருங்க, நம்பர் குடுத்து உக்கார வச்சிருக்காங்க." முன்வரிசைப் பெண்களும் திரும்பிச் சிரித்தார்கள். "எனக்கு நாப்பத்திரண்டாவது கோவா" என்றார் ஒருவர். அந்த மண்டபத்தில் எல்லோருடைய வாயிலும் அது கோவாதான். எப்போது எடுத்தீர்கள், அவருக்குக் கோவா வந்ததாமே, அந்தப் பெட்டையின் கோவாவில் பெயர் பிழையாமே என்று சந்தையில் கதைப்பதுபோலக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? பத்துப் பெண்களுக்கு நடுவில் அசடு வழிந்த வெட்கம் எனக்கு. இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாத்தியார் என்று காட்டி அந்த வெட்கத்தைக் கழுவப் பார்த்தேன்.

"அக்கா, அது கோவா இல்லை. அதைச் சேர்த்து வாசிக்கிறேல்லை. எழுத்தெழுத்தாச் சொல்லோணும். சீ. ஓ. ஏ."

"சரி, அதுதான்" என்றார் அக்கா, இன்னும் சிரிப்போடு.

"ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் கிடக்கு. சீ எண்டால் சேர்டிபிக்கேற். ஓ எண்டால் ஒஃப். ஏ எண்டால் அப்சென்ஸ். நாங்கள் பள்ளிக்கூட இடாப்பில அப்சன்ற் போடுறமெல்லோ, அந்தச் சொல்தான். ஆள் இல்லாமை. விளங்காமல் ஒரு பேரைச் சொல்லிக்கொண்டு திரியக்கூடாதக்கா. அத்தான் இல்லை எண்டதுக்கு நீங்கள் எடுக்கிற அத்தாட்சி இது."

கரும்பலகையில் எழுதுவதுபோலக் கையையும் காற்றில் ஆட்டியிருக்கிறேன். அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மலையக அம்மா மடியிலிருந்த படத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தார். முன்வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை. அப்போதும் எனக்கு ஏறவில்லை. பாடம் விளங்கியதாக்கும் என்று நினைத்தேன்.

ஐந்து நிமிடம் கழித்து அக்காவின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தார். மேசைப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"எங்க போறியள்? கூப்பிடுகினம்!"

"எனக்கு வேண்டாம்."

"வயலை விடப்போறியளோ? உங்களுக்கு விசரோ?" வாசலில் நின்று கத்தினேன். ஊர் பார்த்தது. அக்கா திரும்பாமல் போய், வந்த பஸ்ஸில் ஏறினார். மோட்டார் சைக்கிளும் நானும் பையும் மிஞ்சினோம்.

பிறகு வந்த இரண்டு வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். பாடத்தின் நடுவில் யன்னலடியில் நின்றுவிடுவேன். சோக்கட்டி கையில் இருக்க சோக்கட்டியைத் தேடுவேன். அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை. காணிக் கச்சேரிக்கு இன்னும் பதினெட்டு நாள், பதினாறு நாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுக் கோப்பையோடு குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்தேன். அக்காவின் பிடிவாதத்தைத் திட்டினேன். அத்தானையும் திட்டினேன், தண்ணீருக்கு அந்த நேரம் பார்த்துத்தானா போகவேண்டும் என்று. திட்டிவிட்டு எனக்கே அழுகை வந்தது. அத்தான்தான் எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர். அவர் இல்லை என்று நானும் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. அன்று மண்டபத்தில்தான் முதலில் சொல்லியிருக்கிறேன், அதுவும் இலக்கணம் விளங்கப்படுத்த.

சனிக்கிழமை காலையில் ஸ்கந்தபுரம் போனேன். அக்கா வயலில் நின்று வரம்பு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் மண்வெட்டியை நிறுத்தவில்லை. வரும் வழியெல்லாம் மெதுவாகப் பேசவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், வரம்பில் கால் வைத்ததும் தொடங்கிவிட்டேன். இவ்வளவு வருடம் உழைத்த மண், நாளைக்கு வேறு ஆள் வந்து விதைக்கப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறீர்களா, அந்தத் தாள் அவரைச் செத்தவர் என்று சொல்லாது, எத்தனை தரம் சொல்வது.

"கத்தாத. கொக்கு எழும்பிப் போகுது" என்றார் அக்கா.

நான் நிறுத்தினேன்.

"நீ என்ன நினைச்சனி, எனக்கு அது தெரியாதெண்டோ? ஜி.எஸ். தந்த துண்டை அண்டைக்கு முதலே நாலு நாளா வச்சு வாசிச்சனான். தமிழிலயும் கிடக்கு. எனக்கும் வாசிக்கத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ கோவா கோவா எண்டனீங்கள்?"

"தெரிஞ்சபடியாத்தான்." ஒரு கட்டி மண்ணை வெட்டி வரம்பில் போட்டு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டினார். "கோவா எண்டால் ஒரு சாமான். போகலாம், கையெழுத்து வைக்கலாம், ஃபைலுக்குள்ள வச்சுக்கொண்டு வரலாம். அங்க இருந்த எல்லாருக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் அப்பிடிச் சொல்லுகினம். நீ வந்து ஒவ்வொரு எழுத்தாப் பிரிச்சனி. மூண்டாவது எழுத்தைச் சொல்லேக்க அவர் வந்து முன்னால நிண்டிட்டார், கையில கானோட. பிறகு நான் என்னெண்டு அந்த மேசைக்குப் போறது?"

சொல்லாகிவிட்டால் உள்ளே இருப்பது மறைந்துவிடும் என்று வகுப்பில் நான் ஒரு குறையாகச் சொல்லிக் கொடுத்தேன். அதே மறைவுக்குள்தான் இத்தனை பெண்கள் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். கூரையைப் பிடுங்கிவிட்டு வெயிலைப் பற்றி விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

"உன்னை ஏன் கூப்பிட்டனான் எண்டாவது தெரியுமோ?" என்றார் அக்கா. "பை தூக்கவோ? அங்க அவரின்ர பேர் கேப்பினம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா அத்தானின் பெயரைச் சொல்லமாட்டார். எங்கள் வீடுகளில் முந்திய பெண்கள் பலர் அப்படித்தான். புருஷன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, என் மனைவி என் பெயரைச் சொல்லித்தான் என்னை ஏசுவாள். அக்காவும் கலியாணமான புதிதில் ஒரு வழக்கமாகத்தான் விட்டிருப்பார். அத்தான் தண்ணீருக்குப் போன நாளிலிருந்து அது வழக்கமாக இருக்கவில்லை. எத்தனை விசாரணை, எத்தனை அலுவலகம். எல்லா இடமும் அப்பா கூடப் போய்ப் பெயரைச் சொன்னார். அப்பா காலமான பிறகு யாராவது ஒரு சொந்தக்காரர். ஆள் இல்லாத இடத்தில் அக்கா அடையாள அட்டைப் பிரதியை நீட்டி விரலால் தொட்டுக் காட்டுவார். அந்த ஆயுசைத் தன் வாயால் குறைக்க அவர் தயாராக இல்லை.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. மண்வெட்டியை வாங்கி மிச்ச வரம்பை வெட்டினேன். கோணலாக வெட்டினேன். அக்கா பின்னால் வந்து காலால் மிதித்து அதை நேராக்கிக்கொண்டு வந்தார். வரம்பு முடிந்த இடத்தில், "திங்கக்கிழமை வரட்டோ?" என்றேன். "நான் வாய் திறக்கமாட்டன். பேர் சொல்ல மட்டும்."

"வா" என்றார்.

திங்கட்கிழமை டி.எஸ். ஒஃபிஸ், அதாவது பிரதேச செயலகம். மண்டபத்தில் தவறவிட்டவர்களை அங்கே வரச்சொல்லியிருந்தார்கள். கூட்டம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன், தூணுக்குத் தூண் எத்தனை எட்டு என்று எண்ணினேன். காவலாளி வந்து, "சேர் ஆரையும் தேடுறியளோ?" என்று கேட்டார். அக்கா மர வாங்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் இருந்தவர் இளம் பெண், எழுத்தராகச் சேர்ந்து அதிக காலம் ஆகியிராது. மரியாதையாக, "இருங்கோ அம்மா" என்றார். ஃபைலை வாங்கிப் புரட்டினார். காணி அனுமதிப்பத்திரத்தில் அத்தானின் பெயர் முன்னால் இரண்டு முதலெழுத்தோடு இருந்தது. கலியாணப் பதிவுப் பிரதியில் முழுப்பெயர் இருந்தது, ஆனால் இடையில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அடையாள அட்டைப் பிரதியில் அந்த இடம் மங்கிப்போயிருந்தது. விண்ணப்பத்தில் நிரப்புவதற்கு ஒரு கூடு உண்டு: முதலெழுத்துக்களால் குறிக்கப்படும் பெயர்கள். அந்தப் பிள்ளை பேனாவை அந்தக் கூட்டில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எது சரியெண்டு தெரியேல்லை அம்மா. முதலெழுத்தை விரிச்சு முழுப்பேரையும் ஒருக்கா வாயால சொல்லுங்கோ. நான் கேட்டு எழுதுறன்."

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "நான் சொல்லுறன் பிள்ளை. நான் அவவின்ர தம்பி. எழுதுங்கோ."

"இல்லை சேர், விண்ணப்பிக்கிற ஆள் சொல்லோணும். பேர் மாறுபட்டால் அவாவின்ர வாக்குமூலமா எழுதிக் கையெழுத்து எடுக்கச் சொல்லியிருக்கு."

"ஆர் சொன்னால் என்ன, பேர் ஒண்டுதானே? எனக்கு அவரைத் தெரியாதோ? ஒரு மனிசியின்ர நிலைமை விளங்காமல்..." என் குரல் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. பிழை அந்தப் பிள்ளையிலும் இல்லை, அது எனக்குத் தெரியும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"விடு தம்பி" என்றார் அக்கா. என் கையைப் பிடித்துத் தன் பக்கத்துக் கதிரையில் இழுத்து இருத்தினார். நான் இருந்தேன்.

அக்கா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டு மேசையில் இரண்டு கையையும் வைத்தார். முதலெழுத்து இரண்டையும் விரித்தார். அத்தானின் தாத்தா பெயர், அப்பா பெயர், கடைசியில் அத்தானின் பெயர். ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் மூச்சு விட்டு. நான் அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அக்காவின் குரலில் அதை நான் முன்பு கேட்டதே இல்லை. சொல்லி முடித்துவிட்டு யாராவது வருகிறார்களா என்பதுபோல வாசல் பக்கம் பார்த்தார்.

மேசைக்கு மேலே மின்விசிறி ஒன்று கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எழுத்தரின் பேனா அசையவில்லை.

"சத்தத்துக்குள்ள வடிவாக் கேக்கேல்லை அம்மா. இன்னொருக்கால் சொல்லுறியளோ?"

அக்கா முதல் தடவையைவிடக் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.